எலி அறை வாசலில் எரிந்த ஜீரோ வாட் பல்பு

நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய பதினோரு பேர், எலியை எப்படிப் பிடிப்பது என்று என் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் இப்போது வெளிநாட்டில் பெரிய இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் விரலில் இன்றுவரை எலிப்பல் படவில்லை என்றால் அந்தப் பெருமை எனக்குத்தான்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் வழியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஆய்வு எலிகளை வளர்க்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். இப்போது அந்தப் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். எல்லாம் கம்ப்யூட்டர். காற்று, சூடு, விளக்கு, எதற்கும் மனிதன் கை வேண்டாம். சுற்றிக் காட்டிய பெண், "சார், உங்க காலத்துல லைட்டை எல்லாம் யார் பாத்துக்கிட்டாங்க?" என்றாள். "நான்தான்" என்றேன். "தப்பே ஆகாதா சார்?" என்றாள். ஒரு தடவை ஆனது. நிலையத்தின் விழா மலரில் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு பீர்க்கன்கரணையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வேலைக்கு நான் வந்தது கோழிக்கடையிலிருந்து. தாம்பரம் மார்க்கெட்டில் நான் கோழி பிடித்தால் அது சத்தம் போடாது. நிலையத்தின் டிரைவர் ஒருவர் வாராவாரம் கறி வாங்க வருவார். "இன்னாபா, உன் கையில மட்டும் கோழி கம்முனு கீது?" என்று கேட்டவர்தான் என்னைத் தினக்கூலிக்குச் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் கூண்டுக்குள் விரிக்கும் உமியை மாற்றினேன். ஒரு வருடம் பாட்டில் கழுவினேன். பிறகு எலி என் கைக்கு வந்தது. அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை இப்படி. காலையில் குளித்து, நிலையத்து உடுப்பு மாட்டி, அங்கேயே கிடக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தலையில் எண்ணெய் வாசனை கூடாது, பவுடர் கூடாது. முதலில் அறைச் சூட்டைக் காட்டும் கண்ணாடிக்குழாய். அடுத்து தண்ணீர் பாட்டில். பாட்டில் மூக்கில் இருக்கும் இரும்புக் குண்டைச் சுண்டுவிரலால் தொட்டால் ஒரு சொட்டு வர வேண்டும். வராத பாட்டில் இருந்தால் அந்தக் கூண்டு மறுநாள் செத்துவிடும். ஆவியில் வேகவைத்து ஆறவைத்த உமியைக் கூண்டுக்கு இரண்டு கை போட வேண்டும். எலியை வாலின் அடியில் பிடிக்க வேண்டும், நுனியில் பிடித்தால் தோல் உரிந்து வரும். இவ்வளவையும் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். விளக்கு காலை ஏழு மணிக்கு எரியும், மாலை ஏழுக்கு அணையும். சுவரில் இருக்கும் டைமர் அதைச் செய்யும். டைமரை நான் தினமும் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பேன்.

எனக்குத் துணை கன்னியம்மா. கேளம்பாக்கம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வருவாள். பாட்டில், கூண்டு கழுவுவது அவள் பொறுப்பு. அவளிடம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு உள்ளே வராதே என்று சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் வாயைத் திறந்தாள்: "நாளைக்கு சாவப் போற எலிக்கு நல்ல வாசன ஒண்ணு மோந்தா இன்னாண்ணா கொறஞ்சி பூடும்?"

எங்களுக்கு மேலே டாக்டர் நிர்மலா மேடம். கூட்டுகிற ஆளையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார் என்றால் எதிரே இருப்பவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை அடுத்த பேச்சு இருக்காது. கால் மணி நேரம் ஆனாலும் காத்திருப்பார்.

மேடத்தின் ஆராய்ச்சி எலும்பு மஜ்ஜையில். எலியின் தொடை எலும்பை எடுத்து, இரண்டு முனையையும் நறுக்கி, ஒரு பக்கம் ஊசியை வைத்து மருந்துத் தண்ணீரை அழுத்தினால் மறுபக்கம் சிவப்பாக ஒரு நூல் வந்து விழும். அதுதான் மஜ்ஜை. நூல் வந்த பிறகு எலும்பு பல்லைப் போல வெள்ளையாகிவிடும். முதல் முறை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் அப்போது சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

"வேலாயுதம், உடம்புல இருக்கிற ரத்தம் முழுக்க இதுக்குள்ள இருக்கிற கொஞ்சம் செல்லுலேருந்து வருது. ஸ்டெம் செல்னு பேரு. தாய்ச்செல்னு வச்சிக்கோங்க. அது பெரும்பாலும் தூங்கிட்டே இருக்கும். தூங்கணும். எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சு வேலை செஞ்சா சீக்கிரம் தீர்ந்துடும். பக்கத்துல இருக்கிற செல்லுங்க அதைப் பிடிச்சு வச்சிருக்கும். நரம்பு வழியா சேதி வந்தா அந்தப் பிடி கொஞ்சம் தளரும். அப்ப கொஞ்சம் பேர் எலும்பை விட்டு ரத்தத்துக்குள்ள போவாங்க, சுத்திட்டுத் திரும்பி வருவாங்க."

"சேதி யார் அனுப்பறது மேடம்?"

"மூளை. மூளைக்கு நேரம் சொல்றது கண்ணு. கண்ணுக்கு நேரம் சொல்றது வெளிச்சம்."

எனக்கு உடனே பிடிபட்டது. தாம்பரம் யார்டில் ரயில் பெட்டிகள் நிற்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். எல்லா வண்டியையும் ஒரே நேரத்தில் விட்டால் யார்டு காலி, எதையும் விடாவிட்டால் பீச் ஸ்டேஷன் போகிறவன் பிளாட்பாரத்தில் நிற்பான். சிக்னல் விழுகிற நேரத்தில் விழ வேண்டும். இதை மேடத்திடம் சொன்னேன். அடுத்த மாதம் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய புரொபசருக்கு அவர் இதையே இங்கிலீஷில் சொன்னார். 'யார்டு' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது.

இப்போது பல்புக்கு வருகிறேன்.

ஒருநாள் கழுவுமிடத்தில் கன்னியம்மா சொன்னாள்: "ஏண்ணா, நெதம் இத்தினி உசுரு போவுது இந்த வூட்ல. ஒரு வெளக்கு கூட இல்ல. அதுவும் யாரு? புள்ளையாரோட வண்டி. அவரு வண்டியத் தேடிகினு வந்தா நீ இன்னா சொல்லுவ?"

சிரித்துவிட்டுப் போனாலும் அது மனதில் நின்றுவிட்டது. அந்த வாரமே ஒரு பிள்ளையார் படம் வாங்கி, எலி அறைக்கு முன்னால் இருக்கும் சின்ன அறையில் மாட்டி, அதன் மேல் ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டேன். ஜெனரேட்டர் லைனில் கொடுத்தேன். கரண்ட் போனாலும் அது அணையக்கூடாது. அதிலும் என் புத்தியைப் பாருங்கள், சிவப்பு பல்பாகத்தான் போட்டேன். இருட்டில் எலியோடு வேலை செய்கிறவர்கள் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வார்கள். எலியின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, அதற்கு அது இருட்டுதான். எலி அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அது வழியாக வெளிச்சம் உள்ளே போனாலும் பாதகமில்லை என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். மேடம் படத்தைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை. மூன்று வருடம் எரிந்தது. ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு ஆடி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை, பல்பு ஃபியூஸ் ஆனது. கடைக்குப் போனேன். ஊரில் உள்ள அம்மன் கோயில் எல்லாவற்றுக்கும் கூழ் ஊற்றும் சமயம், தெருவுக்குத் தெரு சீரியல் லைட்டு. கடைக்காரர் கையை விரித்தார். "செவப்பு எல்லாம் ஆத்தாளுக்குப் பூட்ச்சி தலைவரே. பச்ச தான் கீது. ஜீரோ வாட்டுல இன்னா பெரிய கலரு?"

வாங்கி மாட்டினேன். பிள்ளையார் முகம் பச்சையில் இன்னும் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயம் மேடத்திடம் எஸ்தர் என்ற பெண் டாக்டர் பட்டத்துக்கு நான்காம் வருடத்தில் இருந்தாள். பல்லாவரத்துப் பெண். என்னை 'அண்ணா' என்பாள். அவளுடைய வேலை முழுக்க ஒரே விஷயம்: எலும்பை விட்டு ரத்தத்துக்கு வருகிற தாய்ச்செல், எந்த நேரத்தில் அதிகம், எந்த நேரத்தில் குறைவு. ஒவ்வொரு கூண்டிலும் நடுப்பகலில் சில எலிகளின் ரத்தத்தை எடுப்பாள். இரவு எட்டு மணிக்கு, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, அதே கூண்டில் வேறு சில எலிகளின் ரத்தத்தை எடுப்பாள். ஒரு எலிக்கு ஒரு தடவைதான், அதோடு அதன் கதை முடிந்தது. ரத்தத்தைக் கூழ் போன்ற ஒன்றில் கலந்து தட்டில் வைத்தால், சில நாளில் ஒவ்வொரு தாய்ச்செல்லும் புள்ளி புள்ளியாகக் கூட்டம் கட்டி நிற்கும். அதை எண்ணுவாள். முதல் மூன்று வருடம், தவறாமல், பகலில் அதிகம், இரவில் குறைவு. தாய்ச்செல்லும் கடிகாரம் பார்க்கிறது என்று அவள் எழுதி வைத்திருந்தாள்.

ஆவணி கடைசியில் அது உடைந்தது. சில கூண்டுகளில் பகலும் இரவும் ஒன்றாக இருந்தன. சில கூண்டுகள் பழையபடி சரியாக இருந்தன. ஒரே இனம், ஒரே தீனி, ஒரே அறை, ஒரே கை. புரட்டாசியில் இன்னொரு முறை செய்தாள், அதே குழப்பம்.

மேடம் அவளைக் கூப்பிட்டபோது நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி மேஜைக்குப் போனது.

"எஸ்தர், மூணு வருஷம் ஒரு கூண்டு கூடத் தப்பாம சரியா வந்துது. இப்ப பாதிக்கு மேல வரல. மொத மூணு வருஷமும் நீங்க எண்ணினதா, எழுதினதா?"

எண்ணினதா, எழுதினதா. பொய்க்கணக்கா என்று அதற்கு அர்த்தம். நான் அலமாரியின் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

"எண்ணினது மேடம்" என்றாள்.

"எனக்குப் பதில் போதல. வெள்ளிக்கிழமை நோட்டு எல்லாத்தையும் ஒப்படைச்சிடுங்க. மத்ததை ஆபீஸ்ல பேசிக்கறேன்."

அன்று திங்கள்கிழமை. வெள்ளியோடு அவளுடைய நான்கு வருடம் போய்விடும், பெயரும் கெட்டுவிடும். பெயர் கெட்டவளை வேறு எந்த நிலையமும் உள்ளே விடாது.

புதன்கிழமை நான் உமி மாற்றும்போது எஸ்தர் தரையில் உட்கார்ந்து கடைசி முறை செய்த கூண்டு எண்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சரியாக வராதவை ஒரு வரிசையில், சரியாக வந்தவை ஒரு வரிசையில். "நூத்திப் பதினாலு, நூத்தி முப்பது, தொண்ணூத்தி எட்டு, நூத்தி இருபத்தாறு... ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லண்ணா."

சம்பந்தம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். கூண்டின் எண் என்பது குட்டி பிறந்த வரிசை. ரேக்கில் எதை எங்கே வைப்பது என்பது என் இஷ்டம். படித்தவர்களுக்கு அது எண், எனக்கு அது இடம். நூற்றுப் பதினான்கு கதவோர ரேக்கில் மேல் தட்டு. நூற்று முப்பது அதற்குப் பக்கம். தொண்ணூற்றெட்டு அதற்குக் கீழே. அவள் படித்த கெட்ட எண் ஒவ்வொன்றும் கதவோர ரேக்கில் போய் உட்கார்ந்தது. நல்ல எண்கள் எல்லாம் அந்த ரேக்கின் மறைவில், உள்பக்கம்.

"இன்னொரு தடவ படிம்மா" என்றேன். படித்தாள். நான் வெளியே வந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது எலி அறை விளக்கை அணைத்து, முன்னறை டியூப்லைட்டையும் அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். கண் பழக ஐந்து நிமிடம் ஆனது. கதவுக் கண்ணாடி வழியாகப் பச்சை வெளிச்சம் கதவோர ரேக்கில் பாய் விரித்த மாதிரி விழுந்திருந்தது. நூற்றுப் பதினான்காம் கூண்டின் அட்டையை என்னால் படிக்க முடிந்தது. நானே படிக்கிறேன் என்றால், இருட்டுக்கென்றே பிறந்த எலியின் கண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? அந்த ரேக்கில் இரண்டு மாதமாக இரவே வரவில்லை. மூளைக்கு நேரம் சொல்கிற கண் குழம்பி, மூளை குழம்பி, சிக்னல் விழாமல் தாய்ச்செல் கண்டபடி போய் வந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வருகிறவர்கள் முதலில் முன்னறை டியூப்லைட்டைப் போட்டுவிடுவார்கள், அந்த வெளிச்சத்தில் ஜீரோ வாட் பல்பு என்ன நிறம் என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். கன்னியம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கையில் இருந்த கூண்டைக் கீழே வைத்தாள்.

"மேடம் மேசைல உன் சூப்பர்வைசர் ஆர்டரு கீது. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பல்ப கழட்டிட்ட. ஒரு மாசத்துல எலி எல்லாம் தானா சரியாய்டும். அத்தோட வுடு. அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, இன்னா ஒண்ணு செஞ்சி பொழச்சிக்கும். நீ ஆறாவது. உன்ன தூக்கிட்டாங்கன்னா மறுபடியும் கோழி தலைய திருவப் போறியா?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். பல்பு பையில் உறுத்தியது. பயம் என்று சொல்ல மாட்டேன், நான் பயந்த ஆள் இல்லை. ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எலி அறையில் எது நடந்தாலும் எனக்குத் தெரியாமல் நடக்காது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நடந்தது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாவிட்டால் இத்தனை நாள் நான் பேசியது வெறும் வாய்.

மேடத்தின் அறைக்குப் போய் பல்பை மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி கழன்றது.

"பச்சை எப்பலேருந்து?"

"ஆடி மூணாவது வெள்ளி மேடம்."

"எலிக்குச் சிவப்பு தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"பச்சை நல்லாத் தெரியும்னு நான் சொல்லலையா?"

"சொல்லல மேடம்."

பல்பைக் கையில் எடுத்தார். "இல்ல. நான் சொல்லல" என்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்றது காரணமா இருக்கலாம். இருக்கலாம்னு வச்சிக்கிட்டு ஒருத்தரை உள்ள விடவும் முடியாது, வெளிய அனுப்பவும் முடியாது. செஞ்சு பாக்கணும். இந்தப் பல்பைத் திரும்ப மாட்டுங்க."

"மாட்டணுமா?"

"மாட்டுங்க. பாதி எலி வெளிச்சத்துல, பாதி இருட்டுல. எது எங்க இருக்குன்னு உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும். எண்ணப் போறது எஸ்தர். அவங்ககிட்ட வெறும் நம்பர் குடுங்க."

வெள்ளிக்கிழமை எஸ்தர் நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது நோட்டு அவள் கையிலேயே இருந்தது. "இன்னொரு முறை எண்ணணுமாம்ணா" என்றாள். "ஏன்னு சொல்லல." நானும் சொல்லவில்லை. கன்னியம்மா மட்டும் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்பது எலி. இருபதை நானே கதவோர ரேக்கில் வைத்தேன். இருபதை உள்பக்கம் வைத்து, ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவே கறுப்புத் துணி கட்டினேன். ஐந்து வாரம். பிறகு நாற்பதையும் என் கையாலேயே பிடித்துக் கொடுத்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒரு எலிகூடச் சத்தம் போடவில்லை. தட்டுகளை எஸ்தர் எண்ணி எழுதி, பட்டியலை மேடத்திடம் கொடுத்தாள். மேடம் என்னை உட்காரச் சொன்னார். அவருக்கு எதிரே நான் உட்கார்ந்தது அன்றுதான். அவர் எண்ணைப் படிக்கப் படிக்க நான் இடத்தைச் சொன்னேன். உள்பக்கம், பகல், அதிகம். உள்பக்கம், இரவு, குறைவு. கதவோரம், பகல், நடுத்தரம். கதவோரம், இரவு, அதே நடுத்தரம். கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

மேடம் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. "எஸ்தர், அன்னைக்கு நான் கேட்ட கேள்வி தப்பு. நீங்க எண்ணினதுதான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு அந்தப் பெண் சொன்னது என் காதில் விழவில்லை. எஸ்தருக்குப் பட்டம் கிடைத்தது. ராத்திரி வெளிச்சம் மஜ்ஜையை என்ன செய்கிறது என்று ஒரு பகுதியே அவள் ஆய்வேட்டில் இருக்கிறதாம். பச்சை பல்பு என்று எழுதியிருக்கிறாள். யார் மாட்டியது என்று எழுதவில்லை.

எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. சொல்லாமல் விளக்கை மாற்றியதற்கு. சூப்பர்வைசர் ஆர்டர் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்தக் காகிதத்தை மேடமே கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்தப் பல்பை யாருக்காக வச்சீங்க?" என்றார்.

"செத்துப்போற எலிக்கு மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அதனால இன்னொரு நாப்பது செத்துது" என்றார். கோபம் இல்லை. எண்ணிக்கையைச் சொல்கிற குரல்தான். "உயிரோட இருக்கிறதுக்கு ராத்திரி இருட்டா இருக்கணும். அதைக் குடுங்க. போதும்."

அன்று மாலை பிள்ளையாரை வீட்டுக்கு எடுத்துப்போக பையில் வைத்துக்கொண்டேன். கதவுக் கண்ணாடி மேல் கறுப்புக் காகிதம் ஒட்டி, கிளம்பாமல் எலி அறைக்குள்ளேயே நின்றேன். ஏழு மணிக்கு டைமர் 'டக்' என்றது. கண்ணுக்கு முன்னால் பிடித்த என் கை எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கதவோர ரேக்கில் உமி சரசரத்தது. முதலில் ஒரு கூண்டில், பிறகு பக்கத்துக் கூண்டில், பிறகு அறை முழுக்க. எலிகள் எழுந்துவிட்டன.